ரப்பர் குடித்த மருந்து

அன்புள்ள தினேஷ்,

நாளைக் காலை நீ சுமத்ராவுக்குப் புறப்படுகிறாய். கூடம் முழுக்க உன் அட்டைப்பெட்டிகள். மின்தூக்கியில் பார்க்கிறவர்களெல்லாம் மகன் பெரிய காரியம் செய்யப்போகிறானாமே என்று வாழ்த்துகிறார்கள். நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அந்தப் பெட்டிகள் கண்ணில் படுகின்றன, சிரிப்பு போய்விடுகிறது. பிள்ளை வெளியூர் போகும்போது எல்லாத் தாய்க்கும் வருகிற கலக்கம் இல்லை இது. நீ தேசிய சேவைக்காக ராணுவத்துக்குப் போனபோது அது வந்தது. அழுதேன், தீர்ந்துபோனது. இது அழுதால் தீர்கிறதாகத் தெரியவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் முழுக்க முயன்றேன். நான் வாயைத் திறக்கும்போதே நீ கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொள்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றே என் வேலைக்காலம் கழிந்தது. அடுத்தவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படியே சொல்லப் பார்க்கிறேன். நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் பாதிதான். மீதிப் பாதி இந்த வீட்டுக்குள், நீ வேலைக்குப் போயிருந்த நேரங்களில் நடந்தது. முதலில் நீ படி. பிறகு யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். உன்னைப்போல் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உன் அப்பாவுக்கு மனிதர்களைவிட மீட்டர்மேல் நம்பிக்கை அதிகம் என்பது உனக்குத் தெரியும். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். டிரைவர் ஆயிரம் கதை சொல்லுவான், மீட்டர் பொய் சொல்லாது என்பார். அவருடைய சிறுநீரகங்கள் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்த காலத்தில்கூட, அந்த இயந்திரத்தின் எண்களைப் படித்துக்கொண்டேதான் படுத்திருப்பாராம். பிறகு என்னுடையது ஒன்றை எடுத்து அவருக்கு வைத்தார்கள். நீ அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சை, இரண்டு வார்டுக்கும் நடுவில் நீ ஓடிக்கொண்டிருந்தாய். பிழைத்துவிட்டோம் என்றுதான் மூவரும் நினைத்தோம். ஆனால் அடுத்தவரின் உறுப்பை உடம்பு ஒருநாளும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதில்லை. அந்த எதிர்ப்பைத் தூங்கவைக்கத்தான் காலையும் மாலையும் அந்த மாத்திரை. அது குறைந்தால் உடம்பு விழித்துக்கொண்டு சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினாலோ, மாத்திரையே சிறுநீரகத்தை அரித்துவிடும். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய வரப்பு. அதிலிருந்து கால் வழுக்கவில்லையே என்று பார்க்கத்தான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து மருந்தின் அளவைச் சோதிப்பார்கள்.

ரத்தம் எடுப்பதுதான் அவருக்கு நரகம். இயந்திரத்தில் இருந்த வருடங்களில் கை நரம்புகள் கயிறுபோல் இறுகிவிட்டன. தாதி இந்தக் கையில் குத்திப் பார்ப்பாள், வராது. அந்தக் கையில் குத்துவாள், வராது. ஒருநாள் நீ கூட வந்திருந்தாய். அப்பாவின் புறங்கை வீங்கி நீலமாக இருந்ததைப் பார்த்தாய். எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாய்: "ஒரு துளி போதும்பா. விரல்ல ஒரு துளி. நான் செஞ்சு தரேன்." அப்பா உன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை உன் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில்கூட நான் பார்க்கவில்லை.

பெரிய ஆய்வுக்கூடங்களில் தூசு நுழையாத அறைக்குள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு செய்வதை நீ நம் தோ பாயோ வீட்டுச் சமையலறையில் செய்தாய். ஜாலான் புசார் கடையில் வாங்கிய டேப்பை மெல்லிய கீற்றுகளாக அறுத்துக் கண்ணாடிமேல் ஒட்டினாய். அதுதான் அச்சு. அதன்மேல் கஞ்சிபோல் இருந்த சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, குமிழிகள் மேலே வந்து உடையும்வரை பொறுத்திருந்து, நான் கேக் சுடும் ஓவனில் வைத்து இறுக வைத்தாய். உரித்து எடுத்தால் நெருப்புப்பெட்டியைவிடச் சிறிய, கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு வில்லை. அதற்குள் தலைமுடி கனத்தில் கால்வாய்கள். நான் கேக்குக்கு ஊற்றும் பண்டான் பச்சைச் சாயத்தில் ஒரு சொட்டை நீ அவற்றுக்குள் விட்டுக் காட்டினாய். யாரும் தள்ளாமல், பம்பு இல்லாமல், பச்சை தானாகவே வளைந்து வளைந்து ஓடி ஒரு சிறு கிண்ணத்தில் போய் நின்றது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, தினேஷ். அதை மறுக்க மாட்டேன். விரலில் குத்தி ஒரு துளியை விட்டால் கிண்ணத்தின் நிறம் மாறும், கைப்பேசியில் படமெடுத்தால் மருந்தின் அளவு எண்ணாக வரும். ரப்பருக்குள் மருந்து போனால் ஏதாவது ஆகாதா என்று நான் கேட்டேன். அறிந்து கேட்கவில்லை, வாய்க்கு வந்ததைக் கேட்டேன். நீ சிரித்தாய். "அது எதோடயும் சேராதும்மா. கண்ணாடி மாதிரி." நீ வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தாய், எண்கள் சரியாக வந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது நீ அப்பாவிடம் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது உன் பக்கத்து நியாயம்: "இது சும்மா ட்ரையல்தான்பா. இதைப் பார்த்து மருந்தை மாத்தக்கூடாது." அப்பா தலையாட்டினார்.

அவர் மாற்றினார். இதுதான் நீ வீட்டில் இல்லாதபோது நடந்தது. காலை மாத்திரைக்கு முன்னால் விரலைக் குத்தித் துளியை விட்டுவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து, விபூதி பூசி, சாமி கும்பிட்டுவிட்டு வந்துதான் படம் எடுப்பார். எண் குறைவாக வந்தது. மறுவாரம் இன்னும் குறைவு. எண் குறைந்தால் என்ன அர்த்தம் என்பது அவருக்கு மனப்பாடம். உடம்பு விழித்துக்கொள்கிறது, என்னுடையது அவருக்குள் சாகப்போகிறது. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, நான் பயப்படுவேன் என்று. உன்னிடமும் சொல்லவில்லை, மாற்றக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாயே. முன்பு டாக்டர் அளவைக் குறைத்தபோது மிஞ்சிப்போன மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. அதிலிருந்து ஒன்று கூடப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். பிறகும் எண் ஏறவில்லை. இன்னொன்று.

நான் முதலில் பார்த்தது கோயிலில். ஒரு வெள்ளிக்கிழமை தோ பாயோ கோயிலில் குருக்கள் விபூதி கொடுத்தார். அப்பா வாங்கிய கை ஆடியது, விபூதி முழுவதும் சட்டையில் கொட்டியது. பின்னால் நின்ற பெண் தன் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் குடித்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். வயசாச்சுல்ல என்று சொல்லி அவர் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். சாவி துவாரத்தில் நுழையவில்லை. பல்துலக்கி பல்லில் தட்டும் சத்தம் வெளியே கேட்டது. தலைவலி என்று மதியத்தில் படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள், அதை அவர் போன் செய்து தள்ளிப்போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "எதுக்கு அந்தக் குத்தல்? வீட்லயே பார்த்துக்கிறோமே" என்றார். அந்தக் குரலில் பயமே இல்லை. கையில் எண் இருந்த தைரியம் அது.

ஒருநாள் காலையில் அவருடைய பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. அப்படி வீங்கியிருந்தது. டாக்ஸி பிடித்து அழைத்துப் போனேன். டாக்டர் இளம்பெண், பொறுமையானவள். எத்தனை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். எழுதிக்கொடுத்தபடிதான் என்றார் அப்பா. ரத்த முடிவு வந்ததும் அவள் திரும்பி வந்து நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அப்போதுதான் அவர் கூடப் போட்டுக்கொண்டதைச் சொன்னார். வரப்பு எங்கேயோ இருந்தது, அவர் எங்கேயோ இருந்தார். மருந்து குறையவே இல்லை, தினேஷ். மலையாகக் குவிந்திருந்தது. நீ வேலையிலிருந்து ஓடிவந்து கட்டிலருகே நின்றாய். உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைத் தேற்றுவதற்காகவே சொன்னார்: "உன் மேல தப்பில்லடா. நீ செஞ்சது காட்டின நம்பரைத்தான் நான் நம்பினேன்." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய்.

அடுத்த சில நாட்கள் நீ தூங்கவில்லை. காரணத்தை யாரும் உனக்குச் சொல்லவில்லை, நீயேதான் கண்டுபிடித்தாய். ஒரே மருந்துக் கரைசலை இரண்டு வில்லைகளில் விட்டு, ஒன்றை உடனே படித்தாய், மற்றதை அப்பா குளித்து வருகிற நேரம்வரை அப்படியே விட்டுவிட்டுப் படித்தாய். இரண்டாவது எண் பாதாளத்தில் இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். நீ சமையலறைக்குப் போய் நான் மீன் குழம்பு வைக்கும் பழைய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாய். எத்தனை முறை கழுவினாலும் போகாத மஞ்சள் அதில் இருந்தது. "இதே மாதிரிதாம்மா. அந்த மருந்துக்குத் தண்ணி பிடிக்காது, எண்ணெய் மாதிரி. ரப்பர் அதைக் குடிச்சிடுச்சு." ஆய்வுக்கூடத்தில் நீ துளியை விட்ட கையோடு படித்தாய், ரப்பருக்குக் குடிக்க நேரம் இருக்கவில்லை. மனிதர்கள் வீட்டில் குளிப்பார்கள், சாமி கும்பிடுவார்கள், போன் வந்தால் பேசுவார்கள். அதை நீ சோதிக்கவில்லை. அன்று மிச்சமிருந்த வில்லைகளை எல்லாம் நீ குப்பைக்குழாயில் போட்டாய். அவை மாடி மாடியாக மோதிக்கொண்டு கீழே போகும் சத்தத்தைக் கேட்டபடி நான் நின்றேன்.

அப்பா பிழைத்தார். ஆனால் அந்தச் சிறுநீரகத்தில் பாதி வேலை போய்விட்டது, அது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். மீதிப் பாதி எத்தனை காலம் என்று கேட்டதற்கு, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவருக்கு அது நிற்கிற நாளில் கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லை. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கணக்கு அப்படி இருக்கிறது.

நீ சோர்ந்து உட்காரவில்லை, அதற்காக நான் பெருமைப்பட்டேன். ரப்பரை விட்டாய். உன் நண்பன் ஷபீரைச் சேர்த்துக்கொண்டாய். நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்தால் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து வீக்கம் இருக்கிறதா என்று கேட்கிறவன். இருவருமாகப் பொங்கோலில் அவன் வீட்டு அறையில் புதியதைச் செய்தீர்கள். இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், நடுவில் கால்வாய் வடிவத்தில் வெட்டிய இருபக்கப் பசை டேப், மூன்றையும் அடுக்கி அழுத்தினால் முடிந்தது. ஓவன் இல்லை, அச்சு இல்லை, வாழ்த்து அட்டை வெட்டும் இயந்திரமே போதும். முன்னதைவிட மலிவு, முன்னதைவிட வேகம். இந்தத் தடவை உடனேயும் படித்தீர்கள், நேரம் கழித்தும் படித்தீர்கள், எண் நகரவில்லை. பெரிய நகரத்தில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் சுமத்ராவின் சின்ன ஊர்களில் இருக்கிறார்கள், அங்கே இந்த மருந்தை அளக்க வழியே இல்லை, அவர்களுக்காகத்தான் என்றாய். நான் கேட்டேன்: "இது எதையும் குடிக்காதா?" நீ சொன்னாய்: "குடிக்காதும்மா." முன்பு கண்ணாடி மாதிரி என்று சொன்னாயே, அதே குரல். அன்று தொடங்கியது இந்தக் கலக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவுக்கடையில் நீயும் நானும் ஷபீரும் சாப்பிட்டோமே, அங்கே அவன் சாதாரணமாக ஒன்று சொன்னான். நீங்கள் சோதித்த டேப் பெரிய சுருளாகக் கிடைக்கவில்லையாம். விற்பவர் வேறொன்று அனுப்பியிருக்கிறாராம், அதே தடிமன், அதே பசை மாதிரிதானாம். இந்தப் பெட்டிகளில் இருப்பதெல்லாம் அந்த டேப்பில் செய்தவை. சோதித்தீர்களா என்று கேட்டேன். நீ தட்டைப் பார்த்தாய். ஷபீர்தான் பதில் சொன்னான்: "சேம் லா ஆன்ட்டி. அதோட, அங்க அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணும் இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல்." அவன் மனசில் கள்ளம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் கூடியது. நீதிமன்றத்தில் நான் கேட்ட பொய்களில் பாதி, கெட்டவர்கள் சொன்னவை அல்ல. நல்ல மனிதர்கள், தாங்கள் பார்க்காததைப் பார்த்ததாக நம்பிச் சொன்னவை. சாட்சி நல்லவன் என்பதால் சாட்சியம் உண்மையாகிவிடாது. ஷபீருக்குச் சொல்லவேண்டிய பதில் எனக்கு வீடு வந்தபிறகுதான் தெரிந்தது. ஒன்றும் இல்லாதவன் பயந்து நடப்பான். கால் வீங்கினால் கடன் வாங்கியாவது நகரத்துக்குப் பேருந்து ஏறுவான். தப்பான எண் கையில் இருப்பவன் ஏற மாட்டான். உன் அப்பா போன் செய்து பரிசோதனையைத் தள்ளிப்போட்டார் அல்லவா, அதைத்தான் அவனும் செய்வான். எங்களுக்கு ஆஸ்பத்திரி நாலு ஸ்டேஷன் தூரத்தில் இருந்தது.

நீ போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒன்று வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், இறுகிப்போன நரம்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் புதிய டேப்பை நீ சோதிக்காமல் ஒரு பெட்டியும் யார் கைக்கும் போகக்கூடாது. நம் குளிரூட்டிய அறையில் சோதித்தால் போதாது. தகரக் கூரைக்குக் கீழே, லாரியில் வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்து, துளியை விட்டுவிட்டு மறந்துபோன மனிதனைப்போல நேரம் கழித்துப் படித்துப் பார். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல். மருந்தை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு வருவது போதாது, அப்பாவிடமும் நீ சொன்னாய்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு மதியச் சமையலைப் பார்க்கப் போனேன். நீ பொங்கோலுக்குப் போயிருந்தாய். சோற்றை இறக்கிவிட்டு வந்தால், உன் அப்பா மேசையில் ஒரு பெட்டியைப் பிரித்து வைத்திருக்கிறார். விரலில் பஞ்சு. சன்னல் வெளிச்சத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீயே அந்த மென்பொருளைப் போட்டுக்கொடுத்ததாகச் சொன்னார். திரையைப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்:

"கொஞ்சம் கூடவே காட்டுது. இன்னைக்கு ஒண்ணு குறைச்சுக்கட்டுமா?"

ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுச் செய்யலாமே என்றேன். அவர் சிரித்தார். "நம்ம புள்ள செஞ்சதுதானே" என்றார். கட்டிலில் அத்தனை நாள் கிடந்த மனிதர், தினேஷ். எது எப்படிப் பொய் சொன்னது என்று டப்பாவின் மஞ்சளைக் காட்டி நீயே விளக்கியது அவருக்கும் தெரியும். அப்படியும் கேட்கிறார். அந்த எண் சரியாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. உண்மையைச் சொல், உனக்கும் தெரியாது.

மாத்திரைகளை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன், இனி வேளைக்கு வேளை நான்தான் எண்ணிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், நாளைக்கு ரத்தம் எடுக்க வரச்சொல்லியிருக்கிறார்கள். அதனால் உன்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வரமாட்டேன். அப்பா கோபமாகச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். படுக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன். நீ போகிற ஊரில் ஒருவன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையில் கை வைக்கும்போது அவனுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று யோசித்துவிட்டு விமானத்தில் ஏறு.

அம்மா